பிரிவினைப் புத்தகம் என்றால் தௌசிப்

அஞ்செட்டி
24 பிப்ரவரி 2025

வாசகர் வட்டச் செயலாளர் அசோக்குமார் அவர்களுக்கு,

நம் வட்டத்தின் விதிப்படி, கூட்டத்தில் பேசியவரோ கேட்டவரோ மனதில் பட்டதைக் கடிதமாக எழுதலாம். அடுத்த கூட்டம் தொடங்கும்போது ஒரு வரி விடாமல் செயலாளர் அதை உரக்கப் படிக்க வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இந்த விதியைப் போட்டதே நாம் இரண்டு பேர்தான். போனில் கத்தினால் மறுநாள் மறந்துவிடும், காகிதத்தில் எழுதினால் யோசித்து எழுதுவோம் என்று நீதான் சொன்னாய். 'அவர்களுக்கு' என்று ஆரம்பித்தேன், அதற்குள் 'நீ' வந்துவிட்டது. இருக்கட்டும், அடிக்கப் போவதில்லை.

பதினாறாம் தேதி கூட்டத்தில், 1947இல் தில்லி என்ன பாடுபட்டது என்று சொல்லும் புத்தகத்தை நான் அறிமுகப்படுத்திப் பேசினேன். கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர், நமக்கு மாடி அறையை வாடகை இல்லாமல் விட்டிருக்கும் எலக்ட்ரிக்கல் கடை பொன்னுசாமி அண்ணன். அவர் கேட்டது இது: "எல்லாம் சரிப்பா. தனி நாடுன்னு ஒண்ணு குடுத்தாச்சு இல்ல? அப்புறம் உங்க ஆளுங்க ஏன் போவல?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள், தலைமை வகித்த நீ கடிகாரத்தைப் பார்த்தாய். "நல்ல கேள்வி. நேரம் ஆயிடுச்சு. டீ வந்துடுச்சு, எல்லாரும் எடுத்துக்குங்க" என்றாய். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். உண்மையில் அப்போது டீ வரவே இல்லை. எல்லாரும் படிக்கட்டில் நின்று காத்திருந்த பிறகுதான் வந்தது.

பொன்னுசாமி அண்ணன் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஜவளகிரிக் காட்டைப் பற்றிய கூட்டத்தில், "யானைக்கெல்லாம் ரேஷன் கார்டு உண்டா?" என்று கேட்ட மனிதர் அவர். வாயில் வந்ததைக் கேட்பார், அப்புறம் அதை மறந்துவிட்டு நம்மோடு உட்கார்ந்து டீ குடிப்பார். என் கோபம் உன் மேல்.

இந்த ஒன்பது வருடத்தில் பிரிவினை பற்றி நான்கு புத்தகங்கள் நம் வட்டத்துக்கு வந்தன. எல்லைக்கோடு போட்டவர்களைப் பற்றி ஒன்று, அகதி முகாம்கள் பற்றி ஒன்று, பெண்களின் வாக்குமூலங்கள் ஒன்று, இப்போது தில்லி. நான்கும் என் தலையில்தான் விழுந்தன. "நீ பேசினா உணர்ச்சியா இருக்கும்டா" என்பாய். என்ன உணர்ச்சி? 1947இல் என் அத்தாவின் அத்தா ராயக்கோட்டைச் சந்தையில் புளி விற்றுக்கொண்டிருந்தார். லாகூர் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் சேலத்தைக் கை காட்டியிருப்பார். எங்கள் குடும்பம் பார்த்த ஒரே பிரிவினை, அவருக்கும் அவர் தம்பிக்கும் நடந்த பாகப்பிரிவினை. அதில் எங்களுக்கு ஒரு கிணறு போயிற்று.

இன்னொன்று. வருடம் முழுக்க என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவன் நீ. அன்றைக்கு மட்டும் மைக்கைப் பிடித்து, "அடுத்து நம்ம தௌசிப் பாய் பேசுவார்" என்றாய்.

அன்று என் மகள் இரம் வந்திருந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வா வா என்று நான்தான் நச்சரித்து அழைத்து வந்தேன், அத்தா மேடையில் பேசுவதை ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று. திரும்பிப் போகும்போது பைக்கில் பின்னால் இருந்து கேட்டாள்: "நாம எங்க போயிருக்கணும் அத்தா?" வண்டிச் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

நான் வட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை மார்ச் கூட்டத்தில் படிக்கவும்.

தௌசிப்


ஓசூர்
4 மார்ச் 2025

அன்புள்ள தௌசிப்,

ரமலான் தொடங்கியிருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள். புளி சீசனுக்காகப் போய்த் தங்கியிருக்கும் அந்த மலையில் தண்ணீர் எப்படி, சாப்பாடு எப்படி என்று ஒன்றுமே எழுதவில்லை. புளி உலுக்க ஆள் கிடைத்தார்களா?

உன்னைப் பலமுறை கூப்பிட்டேன். நீ இருக்கும் இடத்தில் மேடேறினால்தான் சிக்னல் என்று தெரியும். ஆனால் நம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேற மட்டும் எப்படியோ சிக்னல் கிடைத்திருக்கிறது. பரவாயில்லை, கோபத்துக்கு எங்கேயும் டவர் உண்டு.

இரண்டு வாரமாக கம்பெனியில் பி ஷிப்ட். லைனில் நின்றுகொண்டே உன் கடிதத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். உன் மேல் தப்புச் சொல்லவில்லை. ஆனால் நான் நினைத்தது வேறு. அந்த நான்கு புத்தகங்களும் கனமானவை. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் பத்துப் பக்கம் புரட்டிவிட்டுக் கொட்டாவி விடுவார்கள். நீ ஒருத்தன்தான் அடிக்குறிப்பு வரைக்கும் படிப்பாய். அதனால் கொடுத்தேன். வேறு எண்ணம் எதுவும்... இருந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்காதா?

டீ என்று சொன்னது சண்டை வேண்டாம் என்றுதான். நீயும் சட்டென்று பேசிவிடுவாய். அவரும் பெரிய மனிதர்.

இப்போது பிரச்சினை இதுதான். உன் கடிதத்தில் பொன்னுசாமி அண்ணன் பெயர் இருக்கிறது. அவர் முன்னாலேயே அதைப் படித்தால், மறுநாள் நாம் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான். நீயே யோசி. ஏரிக்கரைப் பூங்காவில் கூட்டம் போட்டுப் பார்த்தோம், மழை வந்து ஓடினோம். பள்ளிக்கூடத்தில் கேட்டோம், அனுமதி இல்லை என்றார்கள். ஷிப்ட் முடிந்து அழுக்கு யூனிபார்மோடு வருகிற பையன்கள் கூச்சமில்லாமல் உட்கார இந்த ஊரில் அந்த ஒரு அறைதான் இருக்கிறது. புத்தக அலமாரி எல்லாம் அங்கேதான். இரம் வாரா வாரம் புத்தகம் எடுப்பதும் அங்கேதான்.

ஒரு சின்ன உதவி செய். அவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டு மாற்றி எழுதி அனுப்பு. அல்லது இதை எனக்கு எழுதிய தனிப்பட்ட கடிதமாக வைத்துக்கொள்கிறேன். மார்ச் கூட்டத்துக்கு தர்ஷினி பேசுகிறாள், 1876இல் வந்த தாது வருஷப் பஞ்சம் பற்றிய புத்தகம். நீயும் வந்தால் நன்றாக இருக்கும்.

அசோக்


அஞ்செட்டி
12 மார்ச் 2025

அசோக்,

நோன்பு வாயோடு திட்டக் கூடாது என்பதால் மரியாதையாகவே எழுதுகிறேன்.

பெயரை எடுத்துவிட்டால் கேள்வி கேட்டது யார்? காற்றா? அவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். அவர் முகத்துக்கு நேரே படிக்கட்டும் என்றுதான் எழுதினேன். முதுகுக்குப் பின்னால் பேச வேண்டும் என்றால் இங்கே மரத்தடியிலேயே பேசிக்கொள்வேனே, தபால் எதற்கு?

அப்புறம் அந்தப் பஞ்சப் புத்தகம். நீ மறந்தே போய்விட்டாய். டிசம்பரில் தருமபுரிப் புத்தகக் கண்காட்சியில் அதை வாங்கியவன் நான். பென்சிலால் கோடு போட்டுப் படித்து முடித்து, "இதுக்கு நான் பேசறேன்டா" என்று உன்னிடம் கொடுத்தவனும் நான். நீ என்ன சொன்னாய்? "பாக்கலாம், உனக்கு தில்லிப் புத்தகம் வெச்சிருக்கேன்" என்றாய். இப்போது என் பிரதியை வைத்துக்கொண்டு தர்ஷினி பேசப் போகிறாள். அவள் நல்ல பெண், அவள் மேல் ஒன்றும் இல்லை. நன்றாகப் பேசுவாள்.

நான் என்ன பேச இருந்தேன் தெரியுமா? நம் சேலம் ஜில்லாவில் ஜனங்கள் ரோட்டோரம் விழுந்து செத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், தானிய மூட்டைகள் போலீஸ் காவலோடு ரயிலேறிப் போயிருக்கின்றன. நிவாரண வேலைக்கு எவ்வளவு தானியம் கொடுத்தால் ஒரு மனிதன் சாகாமல் கல் உடைப்பான் என்று வெள்ளைக்காரன் கணக்குப் போட்டிருக்கிறான். மலையில் இருந்தவர்கள் புளியங்கொட்டையை வறுத்து, ஊற வைத்து, தோலை உரித்துத் தின்றிருக்கிறார்கள். மூன்று தலைமுறையாகக் கொட்டையை மூட்டை கட்டி விற்கிற குடும்பம் எங்களுடையது. இந்த வரியை நான் அந்தப் புத்தகத்தில்தான் முதன்முதலாகப் படித்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன வாரம், இங்கே புளியம்பழத்து ஓடு தட்டும் பெண்களிடம் இதைச் சொன்னேன். கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒரு அம்மா கொட்டையைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதத் தின்னா பல்லு என்னாத்துக்கு ஆவும்! புள்ளைங்களுக்கும் இதத்தான் குடுத்தாங்களா?" என்று கேட்டார். இன்னொருத்தர், மூட்டையை ஏன் ஜனங்கள் பிடுங்கவில்லை என்று சண்டைக்கே வந்துவிட்டார். பொழுது சாயும் வரை அதே பேச்சு. பஞ்சத்தில் உங்கள் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று ஒருத்தர்கூட என்னைக் கேட்கவில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் புரியாது.

தில்லியைப் பற்றிப் பேச மாட்டேன் என்று சொல்லவில்லை. படித்து அழுதவன்தான் நான். யார் வேண்டுமானாலும் படித்து அழலாம், யார் வேண்டுமானாலும் பேசலாம். நீயும் பேசலாம். ஒரு தடவையாவது பேசினாயா?

கடிதத்தில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். படித்த பிறகுதான் என் ராஜினாமா செல்லும்.

தௌசிப்


ஓசூர்
18 மார்ச் 2025

அன்புள்ள தௌசிப்,

படிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் தொடங்கியதும் ராஜசேகர் வழக்கம்போல, "செயலாளரே, கடிதம் ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சட்டைப் பையில்தான் இருந்தது. பொன்னுசாமி அண்ணன் கதவு ஓரம் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "தௌசிப் தம்பி எங்கப்பா? புளி சீசனா? வரச்சொல்ல ரெண்டு கிலோ நல்லதா எடுத்தாரச் சொல்லு" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவருக்கு அந்தக் கேள்வி நினைவிலேயே இல்லை.

தர்ஷினி நன்றாகப் பேசினாள். முடிக்கும்போது, "இந்தப் பிரதி தௌசிப் அண்ணனோடது. அவர் கோடு போட்ட இடத்தையெல்லாம்தான் நான் பேசினேன்" என்றாள். அந்த இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை.

உன் கடிதத்தில் ஒன்று கேட்டிருக்கிறாய், ஒரு தடவையாவது நான் பேசினேனா என்று. இல்லை. ஏன் என்று உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என் சொந்த ஊர் திருச்சி பக்கம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பக்கம் என்பது உண்மை. ஊர் என்பதுதான் இல்லை. அது ஒரு குடியிருப்பு. போர்டில் 'தாயகம் திரும்பியோர் குடியிருப்பு' என்று எழுதியிருக்கும். அம்மாவின் முன்னோர்களை வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் மலைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே செத்தார்கள். சுதந்திரம் வந்ததும், நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அப்புறம் இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அம்மா சிறு பெண்ணாக இருந்தபோது கப்பலில் ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அந்தக் குடியிருப்புக்கு வந்தார்கள். நான் அங்கே பிறந்தேன். நான் எங்கிருந்தும் திரும்பவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் நான் சிலோன்காரன். "உங்க ஆளுங்கெல்லாம் எதுக்குடா இங்க வந்தீங்க? எப்ப திரும்பப் போவீங்க?" என்று கேட்பார்கள். வாத்தியாரே சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது எனக்குப் பெரிய விடுதலை. இங்கே எல்லாரும் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள். கன்னடம் பேசுகிறவன், தெலுங்கு பேசுகிறவன், மதுரைக்காரன், பீகார்க்காரன். யாரும் யாரையும் கேட்பதில்லை. நானும் சொல்லவில்லை. உன்னிடம்கூட.

'உங்க ஆளுங்க' என்று யாராவது ஒரு அறையில் ஆரம்பித்தாலே, யாரைக் கேட்டாலும் சரி, என் கண் தானாகக் கதவைத் தேடும். அன்றும் கதவைத்தான் தேடினேன். டீ என்று வாயில் வந்தது. இதுதான் காரணம். இப்போதாவது புரிந்துகொள்வாய் என்று நினைக்கிறேன்.

பெருநாள் வாழ்த்துகள். ஓசூர் வருவாய் அல்லவா? வீட்டுக்கு வா.

அசோக்


அஞ்செட்டி
3 ஏப்ரல் 2025

அசோக்,

பெருநாளுக்கு ஓசூர் வந்தேன். உன் தெரு முனை வரைக்கும் வந்து திரும்பிவிட்டேன். உன்னைப் பார்த்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை தடவை உங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். உன் அம்மா நாகம்மாள் சுட்டுத் தரும் தேங்காய் ரொட்டியும், உரலில் இடித்த சம்பலும் திருச்சிப் பக்கத்துச் சாப்பாடு என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் கையால் தின்றேனே தவிர, இதை எங்கே கற்றீர்கள் அம்மா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதற்காக உன்னிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். ஒருவேளை எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் யோசித்தேன். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் வந்ததும் ஓடிவந்து உன் கையில் திணித்து, "நீ பேசினா உணர்ச்சியா இருக்கும்டா" என்றிருப்பேன். சத்தியமாகச் செய்திருப்பேன். நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அப்புறம் வந்ததுதான் கோபம். இதுவரை, நீ தெரியாமல் செய்தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாதவனை மன்னிப்பது சுலபம். பொன்னுசாமி அண்ணனை நான் மன்னித்தது அப்படித்தான். ஆனால் அந்தக் கேள்வி எங்கே போய்க் குத்தும் என்று அந்த அறையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் நான். இன்னொருத்தன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு டீ என்றான். நீ சின்ன வயதில் அந்த வகுப்பில் நின்றபோது, பக்கத்துப் பெஞ்சில் ஒருவன் எழுந்து, "சார், அவன் இங்கதான் பொறந்தான்" என்று சொல்லியிருந்தால் உனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு வரி. நான் உன்னிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

இப்போது நடந்ததைக் கேள். பெருநாளுக்கு மறுநாள், வா இரம், மாடிக்குப் போய்ப் புத்தகம் மாற்றிக்கொண்டு வரலாம் என்றேன். "வேணாம் அத்தா" என்றாள். ஏன் என்று கேட்டால் பரீட்சை என்றாள். பரீட்சை நேரத்தில் பாடப்புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை ஒளித்து வைத்து அவள் அம்மாவிடம் அடி வாங்கும் பெண் அவள். அப்புறம்தான் தெரிந்தது, கையில் இருந்த இரண்டு புத்தகங்களையும் ராஜசேகர் வீட்டில் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டிருக்கிறாள், படிக்காமலே. பிப்ரவரிக்குப் பிறகு அவள் அந்தப் படியேறவில்லை. இதை ஆறு வாரமாகக் கவனிக்காமல் நான் மலையில் புளி எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அறை போய்விடும் என்று பயப்படுகிறாய். யாருக்கு அந்த அறை? என் மகள் வராத அறை எனக்கு எதற்கு?

ஏப்ரல் இருபதாம் தேதி கூட்டம். படிப்பதானால் படி. இல்லையென்றால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

தௌசிப்


ஓசூர்
24 ஏப்ரல் 2025

தௌசிப்,

படித்துவிட்டேன்.

ராஜசேகர் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னாலேயே எழுந்து, பிப்ரவரியிலேயே ஒன்று வந்தது, போன மாதம் இல்லை என்று பொய் சொன்னேன் என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொன்னுசாமி அண்ணன் கதவு ஓரம் இருந்தார். முட்டி வலிக்கு ஏதோ பெல்ட் போட்டிருந்தார்.

அவர் பெயரைப் படித்தேன். அவருடைய கேள்வியை அப்படியே படித்தேன். யானைக்கு ரேஷன் கார்டு இடம் வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். டீ வரவே இல்லை என்ற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. என் தப்பை என் வாயாலேயே, உன் வார்த்தையிலேயே சொல்வது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்துகொண்டேன். அப்படியே இரம் வரைக்கும் வந்துவிட்டேன்.

அங்கே குரல் வரவில்லை. அழுகை எல்லாம் இல்லை. தண்ணீர் குடித்தேன். மறுபடி முயன்றேன். வரவில்லை. உன் கையெழுத்து புரியாமல் தடுமாறுகிறேன் என்று பொன்னுசாமி அண்ணன் நினைத்துக்கொண்டார். "இந்தாண்ட குடுப்பா. நான் படிக்கிறேன். முப்பது வருஷமா பில்லு படிச்ச கண்ணு" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். நான் கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் கொடுத்துவிட்டேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடையில் சரக்கு சரிபார்க்கும் அதே குரலில் படித்தார்: "திரும்பிப் போகும்போது பைக்கில் பின்னால் இருந்து கேட்டாள், நாம எங்க போயிருக்கணும் அத்தா."

படித்து முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. இன்னொரு தடவை மனதுக்குள் படித்தார், உதடு அசைந்தது. "இரம்னா யாரு?" என்று கேட்டார்.

"தௌசிப்போட பொண்ணுண்ணா. அன்னிக்கு முன்னாடி உக்காந்திருந்துச்சே" என்றார் ராஜசேகர்.

"அந்தப் பாப்பாவா? எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டுச்சே, அதுவா?"

ஆமாம் என்று நான் தலையாட்டினேன். மீதி வரிகளையும் அவரே படித்தார், உன் ராஜினாமா வரைக்கும். கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு, அன்று சொல்ல வேண்டியதை நான் சொன்னேன். புத்தகத்தைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இந்த ஊர்க்காரனிடம் நீ ஏன் இந்த ஊரில் இருக்கிறாய் என்று மட்டும் கேட்கக் கூடாது, கேட்டால் தடுப்பது தலைவர் வேலை, நான் தடுக்கவில்லை என்றேன். அப்புறம் மண்டபம் முகாமைப் பற்றியும் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. தர்ஷினி மட்டும், "இதையெல்லாம் ஏண்ணா இவ்ளோ நாள் சொல்லல?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை பொன்னுசாமி அண்ணன் கடையில் வேலை செய்கிறவர் வந்து, மாடியில் சரக்கு வைக்க வேண்டுமாம், சாவி கேட்டார் என்றார். நானே நேரில் கொண்டுபோனேன். பில் எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "கோவம்லாம் இல்லப்பா. சாவிய அங்க வெச்சுட்டுப் போ. அந்த ரூமுக்குள்ள போனா எனக்கு என்னவோ பண்ணுது" என்றார். ஏதாவது சொல்லலாம் என்று நின்றேன். வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

ஆக, நான் பயந்தது நடந்துவிட்டது. புத்தகங்களைச் சாக்கில் கட்டி எங்கள் வீட்டில் போட்டிருக்கிறேன். அம்மா மூட்டைகளுக்கு நடுவில் படுக்கிறார். மே மாதம் கூட்டம் எங்கே என்று எல்லாரும் கேட்கிறார்கள். வட்டம் இத்தோடு முடிந்தாலும் முடியும். ஆனால் படித்ததற்கு வருத்தப்படவில்லை. முதல் மாதமே படிக்காததற்குத்தான் வருத்தப்படுகிறேன்.

மன்னித்துவிடு. இரமிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அசோக்


ஓசூர்
2 மே 2025

அசோக்,

சீசன் முடிந்து ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். உன் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். ஆனாலும் எழுதுகிறேன், இது படிக்க வேண்டிய கடிதம்.

ராஜினாமா கடிதம் படிக்கப்பட்டதால் விதிப்படி அது செல்லும். எனவே நான் இப்போது உறுப்பினர் இல்லை. இத்துடன் புதிதாகச் சேர விண்ணப்பிக்கிறேன். இரண்டு பேர் பரிந்துரைக்க வேண்டுமாமே, ஒருவர் நாகம்மாள் அம்மா. அவரே உறுப்பினர் இல்லை என்று சட்டம் பேசாதே, அவரையும் சேர்த்துக்கொள்.

கூட்டம் எங்கே என்ற கவலையை விடு. எங்கள் புளி குடோன் பதினைந்தாம் தேதிக்குள் காலியாகிவிடும். கழுவிவிடச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டேதான் கேட்க வேண்டும். ஜன்னல் ஒன்றுதான். மின்விசிறி மாட்ட வேண்டும். அலமாரிகளைக் கொண்டுவர என் வண்டியை அனுப்புகிறேன், அம்மாவை நிம்மதியாகத் தூங்க விடு.

பதினெட்டாம் தேதி பேசப்போவது நீ. தோட்டத்து ஜனங்களைப் பற்றி வேண்டாம், அதை உனக்குத் தோன்றும்போது பேசு. தில்லிப் புத்தகத்தைப் பேசு. நான் மூன்று மாதத்துக்கு முன்னால் பேசிய அதே புத்தகம். நீ எப்படிப் படிக்கிறாய் என்று நான் கேட்க வேண்டும். ஜூன் மாதம் பஞ்சத்தைப் பற்றி நான் பேசுகிறேன், தர்ஷினி விட்டுவைத்த கோடு ஏதாவது இருந்தால்.

உன் மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. கொஞ்சம் இருக்கும். நாலைந்து தடவை உங்கள் வீட்டில் சாப்பிட்டால் போய்விடும்.

இரமிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். நானும் ஒன்றும் சொல்லவில்லை, உன் கடிதத்தையே அவள் கையில் கொடுத்துவிட்டேன். மெதுவாகப் படித்தாள். பொன்னுசாமி அண்ணன் படித்த இடத்தை இரண்டு தடவை படித்தாள்.

"அவரே படிச்சாரா அத்தா?"

"ஆமா."

"எல்லாருக்கும் கேட்டுச்சா? அதாவது, நான் கேட்டது?"

"எல்லாருக்கும் கேட்டுச்சாம்."

"அப்புறம் அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. எறங்கிப் போயிட்டாரு."

கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள். அவர் பாவம், விட்டுவிடுங்கள் என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் அம்மா அப்படித்தான் சொன்னாள். இவள் சொல்லவில்லை.

"ஏன் போவலன்னு கேட்டவரு அவருதானே? அப்ப எங்க போயிருக்கணும்னு அவருக்குத்தானே தெரியணும்? அவர வரச் சொல்லுங்க அத்தா. நானும் வரேன்" என்றாள்.

அதனால் அவருக்கான அழைப்பிதழைத் தபாலில் போட வேண்டாம். நீயே கடைக்குப் போ. வாடிக்கையாளர் நின்றாலும் பரவாயில்லை, காத்திருந்து நேரில் கொடு. வரமாட்டேன் என்பார். இரம் உங்களுக்காகக் காத்திருக்கிறாள் என்று சொல்.

தௌசிப்